ஒநேசிமு திரும்பிப் போன வழி
(வேதபாடம்: பிலேமோன் நிருபம்)



இந்த மாதப் பாடத்துக்கு பிலேமோன் நிருபத்தை எடுத்திருக்கிறேன். ஒரே அதிகாரம், 25 வசனம். வாசிக்க ஐந்து நிமிஷம் ஆகாது. இந்தப் பத்திரிகையைக் கொஞ்சம் கீழே வைத்துவிட்டு, வேதத்தைத் திறந்து அதை ஒரு தடவை வாசித்துவிட்டு வாருங்கள். வாசிக்காமல் இதைப் படித்தால் பாதிதான் விளங்கும்.

எதற்காக இந்த நிருபம் என்று சொல்லிவிடுகிறேன். போன மாதம் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் முடிந்து எல்லோரும் கஞ்சி குடித்துவிட்டுப் போன பிறகு, ஒரு தம்பி மட்டும் பாய் சுருட்டுகிற சாக்கில் நின்றுகொண்டே இருந்தான். சுருட்டின பாயையே மறுபடி சுருட்டினான். என்னடா என்று கேட்டேன்.

"பாஸ்டர், நான் டாக்டருக்குப் படிக்கணும்."

வயது 24. அரிசி மில்லில் மூட்டை தூக்குகிறான். பிளஸ் டூவில் பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி இரண்டிலும் பெயில். துணைத் தேர்வு எழுதித் தட்டுத் தடுமாறிப் பாஸ் பண்ணினவன். அதுவாவது பரவாயில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னே, இரட்சிக்கப்படுவதற்கு முன், ராத்திரி பரோட்டா கடையில் நடந்த சண்டையில் ஒருவரை அடித்துப் பல்லை உடைத்துவிட்டான். வழக்கு கோர்ட்டில் இருக்கிறது. பதினைந்து நாள் ஜெயிலில் இருந்து ஜாமீனில் வந்தவன்.

"ஏன் டாக்டர்?" என்றேன்.

அவன் அப்பா விஷயத்தைச் சொன்னான். குறுவை அறுப்பு சமயம், களத்திலேயே படுத்துத் தூங்கினவரை கட்டுவிரியன் கடித்துவிட்டது. அந்தப் பாம்பு கடித்தால் வலியும் பெரிதாகத் தெரியாது, வீக்கமும் இருக்காது. விடியற்காலம் கண்ணிமை தொங்கி, பேச்சுக் குழறின பிறகுதான் வீட்டாருக்குச் சந்தேகம் வந்தது. அப்போதும் ஆஸ்பத்திரிக்குப் போகாமல், பக்கத்து ஊரில் மந்திரிக்கிறவரிடம் போனார்கள். கும்பகோணம் பெரியாஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது நேரம் கடந்துவிட்டது. "ஒரு மணி நேரம் முன்னாடி வந்திருக்கக் கூடாதாம்மான்னு அந்த டாக்டர் எங்கம்மாகிட்ட கேட்டாங்க பாஸ்டர். அது மறக்கல," என்றான்.

(அவன் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். எழுதினதை அவனுக்கும் அவன் அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். பேரையும் ஊரையும் விட்டிருக்கிறேன். யார் என்று தெரிந்தவர்கள் தெரிந்ததோடு இருங்கள்.)

பிறகு அவன் கேட்ட கேள்விதான் என்னை உலுக்கினது. "பாஸ்டர், தேவன் என் பாவத்தை மன்னிச்சுட்டாரு. ஞானஸ்நானம் எடுத்துட்டேன். அப்போ அந்தக் கேஸை யார்கிட்டயும் சொல்லாம விட்டுடலாம்ல?"

பிரியமானவர்களே, இதே கேள்விக்கு நான் ஒரு தடவை தப்பான பதில் சொன்னவன். அதை இன்று எழுதியே ஆகவேண்டும். பல வருஷங்களுக்கு முன் ஒரு சகோதரன் மத்திய அரசு வேலைக்குத் தேர்வானான். படிவத்தில், உன்மேல் எப்போதாவது வழக்கு உண்டா என்று ஒரு கேள்வி. அவன்மேல் சின்ன அடிதடி வழக்கு ஒன்று இருந்து, விடுதலையும் ஆகியிருந்தது. என்ன போடட்டும் என்று என்னிடம் கேட்டான். நான் பைபிள் காலேஜ் முடித்துவந்த புதிது. மீகா 7:19-ஐ எடுத்துக் காட்டி, கர்த்தர் கடலில் போட்டதை நீ ஏன் தூண்டில் போட்டு எடுக்கிறாய் என்று பிரசங்கம் பண்ணினேன். அவன் "இல்லை" என்று எழுதினான். போலீஸ் விசாரணையில் வெளியே வந்தது. வேலை போயிற்று. அந்த வழக்குக்காகப் போகவில்லை, மறைத்ததற்காகப் போயிற்று. அவன் அதற்குப் பிறகு சபைக்கு வருவதில்லை. காந்தி பூங்கா பக்கம் எதிரே பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டு போவான். குனிய வேண்டிய தலை என்னுடையது.

2016 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அவதார் சிங் என்பவர் வழக்கில் இதைப் பற்றியே விரிவாகத் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது என்று பின்னால் ஒரு வக்கீல் மூலம் அறிந்தேன். வேலைக்குச் சேருகிறவன் வழக்கு, கைது, தண்டனை பற்றிக் கேட்டால் உண்மையைச் சொல்லவேண்டும். மறைக்கக்கூடாது. இளவயதில் செய்த அற்பமான தப்பு என்றால் அதிகாரி அதைப் பெரிதுபடுத்தாமல் விடவும் அந்தத் தீர்ப்பு இடங்கொடுக்கிறது. அதாவது உண்மையைச் சொன்னவனுக்கு ஒரு வாசல் இருந்தது. நான் மீகாவைக் காட்டி அந்த வாசலைச் சாத்தினேன். மீகா தேவனுடைய சந்நிதியில் இருக்கிற கணக்கைப் பற்றிச் சொல்லுகிறார். ஸ்டேஷனில் இருக்கிற ஃபைலைப் பற்றி அல்ல. இரண்டையும் போட்டுக் குழப்பினது என் அறியாமை.

இனி நிருபத்துக்கு வருவோம்.

ஒநேசிமு ஒரு அடிமை. எஜமானாகிய பிலேமோனை விட்டு வந்துவிட்டவன். 18ம் வசனத்தைப் பார்த்தால் ஏதோ நஷ்டமும் பண்ணியிருக்கலாம் என்று தெரிகிறது. அந்த நாளில் ரோம சட்டப்படி ஓடிப்போன அடிமை என்றால் சாதாரணக் குற்றம் அல்ல. பிடிபட்டால் சூடு போடலாம், விலங்கு போடலாம், அதற்கு மேலும் செய்யலாம். அப்படிப்பட்டவன் பவுலைச் சந்திக்கிறான். பவுலும் அப்போது கட்டப்பட்டிருக்கிறவர். அங்கே அவன் இரட்சிக்கப்படுகிறான், அல்லேலூயா!

இதற்குப் பிறகு பவுல் என்ன செய்திருக்கலாம்? 'நீ புது சிருஷ்டி ஆகிவிட்டாய், பழையதை மறந்துவிடு, இங்கேயே என்னோடு ஊழியம் செய்' என்று சொல்லியிருக்கலாம். வைத்துக்கொள்ள அவருக்கு ஆசையும் இருந்தது. 13ம் வசனத்தில் அதை மறைக்காமல் எழுதுகிறார். ஆனால் அடுத்த வசனத்தைப் பாருங்கள். பிலேமோனுடைய சம்மதம் இல்லாமல் ஒன்றும் செய்ய மனதில்லை என்கிறார். அந்த நன்மை கட்டாயத்தினால் வரக்கூடாது, மனப்பூர்வமாய் வரவேண்டும் என்கிறார். ஆகவே எந்த ஊரிலிருந்து ஓடி வந்தானோ அந்த ஊருக்கே, எந்த வாசலிலிருந்து ஓடினானோ அந்த வாசலுக்கே, கையில் கடிதத்தைக் கொடுத்து அனுப்புகிறார். கொலோசெயர் 4:7-9-ஐச் சேர்த்து வாசித்தால், தனியாகவும் அனுப்பவில்லை. தீகிக்குவைத் துணைக்கு அனுப்புகிறார்.

அந்த வழிப்பயணத்தை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு காதமும் நடக்க நடக்க அவன் வயிறு எப்படிக் கலங்கியிருக்கும்! திரும்பி ஓட வழியில் எத்தனை ஊர், எத்தனை துறைமுகம்! மன்னிப்பு அடைந்தவன் ஏன் இவ்வளவு தூரம் நடக்கவேண்டும்? நம் பிரசங்கங்களில் இந்த நடையைச் சொல்லுவதே இல்லை. கல்வாரியிலிருந்து நேரே பரலோகத்துக்குப் போய்விடுகிறோம். கொலோசெக்குப் போகிற சாலையில் யாரும் இறங்குவதில்லை.

இன்னொரு காரியம். 24ம் வசனத்தில் வாழ்த்துதல் சொல்லுகிறவர்கள் பட்டியலில் லூக்கா இருக்கிறார். கொலோசெயர் 4:14-ல் அவரை வைத்தியன் என்று பவுல் குறிப்பிடுகிறார். அப்படியானால் ஓடிப்போன அடிமைக்காக இந்தக் கடிதம் எழுதப்பட்ட நாட்களில் ஒரு டாக்டர் அவர்கள் நடுவில் இருந்தார். குற்றவாளியும் வைத்தியரும் ஒரே இடத்தில் உட்கார்ந்து ஜெபித்திருக்கிறார்கள். தம்பிக்கு இதைக் காட்டினபோது அவன் அந்த வசனத்தை விரலால் தொட்டுப் பார்த்தான். (டாக்டரிடம் போகலாமா, மருந்து சாப்பிடலாமா என்று இன்னும் சிலர் என்னிடம் கேட்கிறீர்கள். லூக்கா பவுலின் கூடவே இருந்தார் என்பதை மட்டும் யோசியுங்கள். பாம்பு கடித்தால் ஜெபித்துக்கொண்டே 108-க்குப் போன் போடுங்கள். என் வீட்டிலும் அதைத்தான் செய்வேன்.)

சரி, வேதத்தில் நடந்தது இந்தக் காலத்தில் நடக்குமா? வழக்கு உள்ளவன், அதிலும் ஜெயிலுக்குப் போனவன், டாக்டர் ஆகமுடியுமா? தேடிப் பார்த்தேன். நம் பக்கத்து மாநிலத்திலேயே நடந்திருக்கிறது.

கர்நாடகத்தில் கலபுரகி, முன்பு குல்பர்கா என்பார்களே, அந்த ஜில்லாவைச் சேர்ந்த சுபாஷ் பாட்டீல் 1997ல் அங்கே ஒரு மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். சேர்ந்தார். படித்துக்கொண்டிருக்கும்போதே 2002ல் ஒரு கொலை வழக்கில் கைதானார். 2006ல் ஆயுள் தண்டனை. ஏறக்குறைய 14 வருஷம் உள்ளே. பெங்களூர் மத்தியச் சிறை ஆஸ்பத்திரியில் வெளிநோயாளிகளைப் பார்க்கும் இடத்தில் டாக்டர்களுக்கு உதவியாய் வேலை செய்தார். உள்ளே இருந்தபடியே இதழியலில் முதுகலைப் பட்டமும் வாங்கினார். நன்னடத்தைக்காக 2016 ஆகஸ்ட் 15 அன்று விடுதலையானார். வெளியே வந்தவர் பல்கலைக்கழகத்திடம் அனுமதி கேட்டுப் பெற்று, விட்ட இடத்திலிருந்து மறுபடி படித்தார். 2019ல் படிப்பு முடிந்து, ஒரு வருஷப் பயிற்சியும் முடித்து, 2020 பிப்ரவரியில் டாக்டராக வெளியே வந்தார். அப்போது அவருக்கு வயது 40 கிட்ட.

இது நம் சபைச் சாட்சி அல்ல. பத்திரிகைகளில் வந்த செய்தி. ஆகவே இதற்கு அல்லேலூயா போட்டு முடித்துவிட நான் விரும்பவில்லை. ஒரு மனுஷன் செத்துப்போயிருக்கிறார். அந்த வீட்டில் 2020 பிப்ரவரிச் செய்தியை யார் எப்படி வாசித்திருப்பார்கள் என்று நமக்குத் தெரியாது. புதன்கிழமை வேதபாடத்தில் இதைச் சொன்னபோது ஒரு பெரியம்மா எழுந்து, "என்ன இருந்தாலும் அந்தக் கையால எனக்கு ஊசி போட விடமாட்டேன் பாஸ்டர்," என்று சொல்லிவிட்டார்கள். சிலர் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அப்போஸ்தலர் 9:26-ல் எருசலேமின் சீஷர்களும் சவுலைக் கண்டு அப்படித்தான் பயந்தார்கள். அவர்கள் பயத்துக்குக் காரணம் இருந்தது, ஸ்தேவானை அடக்கம் பண்ணினவர்கள் அவர்கள். பயப்பட்டதற்காக வேதம் அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. ஆனால் பர்னபா என்ற ஒருவன் எழுந்து சவுலை அழைத்துக்கொண்டுபோய் அவர்கள் முன் நிறுத்தினான். பெரியம்மாவின் பயத்தையும் நான் மதிக்கிறேன். பர்னபா யார் என்று மட்டும் சபையைக் கேட்கிறேன்.

சுபாஷ் பாட்டீல் காரியத்தில் நான் கவனித்தது, அவர் 'அனுமதி கேட்டார்' என்பதுதான். பிலேமோன் 14-ம் வசனம் அங்கே இருக்கிறது. அவருடைய கதை முழுவதும் ஊருக்கே தெரியும், ஒளிக்க ஒன்றுமில்லை. அதற்கு எதிர்ப்பக்கமாக ஸ்வீடன் தேசத்தில் ஒன்று நடந்தது. 1999ல் ஒரு தொழிற்சங்கக்காரரைக் கொன்றதற்காகத் தண்டனை அடைந்த ஒரு வாலிபன், 2007ல் நன்னடத்தையில் வெளியே வந்து, மருத்துவத்துக்கு நோபல் பரிசு யாருக்கு என்று தீர்மானிக்கிறார்களே, அந்தக் கரோலின்ஸ்கா கல்லூரியிலேயே இடம் வாங்கிவிட்டான். நேர்முகத் தேர்வு நடத்தினவர்களுக்கு அவன் யார் என்று தெரியாது. பிறகு விஷயம் வெளியே வந்தது. 2008 ஜனவரியில் நீக்கப்பட்டான். நீக்கக் காட்டின காரணம் என்ன தெரியுமா? கொலை அல்ல. பள்ளிச் சான்றிதழில் பெயர் மாற்றப்பட்டிருந்தது. தண்டனை அனுபவித்த குற்றத்துக்காக வெளியேற்றச் சட்டத்தில் வழி தெரியாமல் நின்றவர்களுக்கு, அவன் சான்றிதழே வழி காட்டிக் கொடுத்தது. நீதிமொழிகள் 28:13-ஐ ஸ்டாக்ஹோமில் யாரும் பிரசங்கிக்கத் தேவையில்லாமல் போயிற்று.

நம் தமிழ்நாட்டிலும் 2019 செப்டம்பரில் தேனியில் நடந்ததை மறந்திருக்கமாட்டீர்கள். ஒரு மாணவனுக்காக வேறொருவன் மும்பையில் நீட் எழுத, அந்த இடத்தில் அரசு மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தான். மாணவனும், டாக்டரான தகப்பனாரும் கைதானார்கள். அந்தப் பிள்ளைக்கு அதற்கு முன் ஒரு வழக்கும் கிடையாது. டாக்டர் ஆகவேண்டும் என்ற ஆசையே வழக்கைக் கொண்டுவந்தது. பெற்றோரே, 'சீட் வாங்கித் தருகிறேன்' என்று புரோக்கர் வந்து உட்கார்ந்தால், அவன் நாற்காலியில் உட்காருமுன்னே எழுந்து ஜெபித்து அனுப்பிவிடுங்கள்.

இனி தம்பியின் காரியம். நான் ஒரு பாத்திரக் கடையில் கணக்கு எழுதுகிறவன். பற்று எது, வரவு எது என்று பிரித்துப் பார்ப்பது என் பிழைப்பு. ஆகவே ஒரு நோட்டை எடுத்து, அவனுக்கு உண்மையில் எது தடை, எது தடை இல்லை என்று இரண்டு பேரும் உட்கார்ந்து எழுதினோம்.

வயது தடை இல்லை. 25 வயதுக்கு மேல் நீட் எழுத முடியாது என்று கொஞ்ச காலம் ஒரு விதி இருந்தது. 2022 மார்ச்சில் தேசிய மருத்துவ ஆணையம் மேல் வயது வரம்பையே எடுத்துவிட்டது. ஒடிசாவில் பாங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஜெய் கிஷோர் பிரதான் என்பவர் 2020ல் 64 வயதில் எம்.பி.பி.எஸ். சேர்ந்தார். தம்பி இதைக் கேட்டுவிட்டு, "அப்போ இன்னும் நாப்பது வருஷம் டைம் இருக்கு பாஸ்டர்," என்றான். அன்றுதான் முதல் தடவை அவன் சிரித்துப் பார்த்தேன்.

மார்க்கு பாதித் தடை. பிளஸ் டூவில் பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, பயாலஜி மூன்றும் சேர்த்துப் பொதுப் பிரிவுக்கு 50 சதவீதம், பிற்பட்டோர், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கு 40 சதவீதம் வேண்டும். தம்பிக்குக் கூட்டிப் பார்த்தால் 42. பிற்பட்ட வகுப்பு. மயிரிழையில் உள்ளே இருக்கிறான். எத்தனை தடவை நீட் எழுதலாம் என்பதற்குக் கணக்கு இல்லை. தமிழிலும் எழுதலாம். 180 கேள்வி, 720 மார்க்கு. சரிக்கு நாலு, தப்புக்கு ஒன்று பிடிப்பார்கள். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவன் ஆனதால், 2020ல் தமிழ்நாடு சட்டம் கொண்டுவந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டிலும் கேட்கலாம். அதில் இடம் கிடைத்தால் கட்டணத்தை அரசே கட்டுகிறது. மூட்டை தூக்குகிறவன் வீட்டுக்கு இது சின்னக் காரியமா?

ஆனால் ஒன்றை அவன் முகத்துக்கு நேரே சொன்னேன். கெமிஸ்ட்ரியில் பெயில் ஆனவன் உபவாசம் இருந்து நீட்டில் தேற முடியாது. உட்கார்ந்து படிக்கவேண்டும். தானியேலுக்கும் அவன் தோழருக்கும் தேவன் ஞானம் கொடுத்தார், மெய்தான். மூன்று வருஷம் கல்தேயரின் எழுத்தையும் பாஷையையும் படித்தவர்களுக்குக் கொடுத்தார் (தானி. 1:4,5,17). படிக்காமல் பரீட்சைக்குப் போய், பேனாவில் எண்ணெய் தடவிக் கொண்டுவருகிற பிள்ளைகளை நான் பார்த்துவருகிறேன். இனி எண்ணெய் பூசமாட்டேன். டைம்டேபிள் கேட்பேன்.

எல்லோருக்கும் இடம் கிடைக்காது என்பதையும் சொன்னேன். கொள்ளிடத்துக்கு அக்கரையில் அரியலூர் ஜில்லா குழுமூர் அனிதா 1200-க்கு 1176 எடுத்தும் நீட்டினால் இடம் கிடைக்காமல் 2017 செப்டம்பர் 1 அன்று நம்மைவிட்டுப் போய்விட்டாள். 1176 எடுத்த பிள்ளைக்கே அந்த நிலைமை. உன் உயிர் அந்தப் பரீட்சைத் தாளில் இல்லை தம்பி என்று அவனிடம் மூன்று தடவை சொல்லி, மூன்று தடவையும் அவனைத் திருப்பிச் சொல்ல வைத்தேன். உங்கள் வீட்டில் பிள்ளைகள் பரீட்சை முடிவுக்குப் பிறகு அதிகம் பேசாமல் இருந்தால் என்னைக் கூப்பிடுங்கள், நடுராத்திரி ஆனாலும் சரி. அரசின் 104 எண்ணிலும் பேசலாம். அது விசுவாசக் குறைவு ஆகாது.

இனி வழக்கு. பல்தானே என்று அவனும் நினைத்திருந்தான், நானும் நினைத்திருந்தேன். வக்கீல் ஐயா சொல்லித்தான் தெரிந்தது. ஒரு பல் உடைந்தாலும் பிடுங்கிக்கொண்டாலும் சட்டத்தில் அது கொடுங்காயம். அப்போது நடப்பில் இருந்த இந்தியத் தண்டனைச் சட்டம் 325-வது பிரிவு, ஏழு வருஷம் வரை தண்டனை. நீட் எழுதுவதற்கு வழக்கு குறுக்கே நிற்காது, ஆனால் நாளைக்கு மருத்துவக் கவுன்சிலில் பதிவு என்று வரும்போது தண்டனை என்பது சாதாரண விஷயம் அல்ல என்றார். 2002ம் வருஷத்து மருத்துவர் நன்னடத்தை விதிகளில், ஒழுக்கக்கேடான குற்றத்துக்குத் தண்டனை அடைவதும் தொழில் நெறி மீறல்களில் ஒன்றாகச் சொல்லப்பட்டிருக்கிறது. ஆகவே எங்கே கேட்டாலும் உள்ளதை உள்ளபடி எழுது, கோர்ட் உத்தரவு நகலைப் பத்திரமாய் வை என்றார். பிள்ளைகளைப் பெற்றவர்களுக்காக இன்னொன்றும் கேட்டுவைத்தேன். 18 வயதுக்குள் நடந்தது என்றால் சட்டமே வேறு. 2015ம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டம் 24-வது பிரிவின்படி, அந்தத் தீர்ப்பினால் பிற்காலத்தில் அந்தப் பிள்ளைக்குத் தகுதி இழப்பு வரக்கூடாது. பதினாறு வயதுக்கு மேல், கொடிய குற்றத்துக்காகப் பெரியவர்போல் விசாரிக்கப்பட்டவர்களுக்கு மட்டும் விலக்கு. பையன் ஸ்டேஷன் வரை போய்விட்டான், வாழ்க்கையே போச்சு என்று அடித்துத் துரத்தாதீர்கள்.

தம்பி வழக்கு முடிய ஒரு வழி உண்டு என்றார் வக்கீல். அடிபட்டவர் மனதார ராஜி ஆனால், நீதிமன்ற அனுமதியோடு இதை முடிக்கலாம். அப்படி முடிந்தால் அது விடுதலைக்குச் சமம். இதைக் கேட்டதும் தம்பி, "இப்பவே போய்க் கால்ல விழுந்துடறேன்," என்று எழுந்தான். வக்கீல் உட்கார வைத்தார். ஜாமீனில் இருக்கிறவன் புகார் கொடுத்தவர் வாசலில் போய் நின்றால், மிரட்டினான் என்று அது இன்னொரு வழக்காகும். முதலில் அவர் பார்க்கச் சம்மதிக்கிறாரா என்று அவர் பக்கத்து வக்கீல் மூலமாகத்தான் கேட்கவேண்டும்.

அதற்கு முன் நான் தம்பியிடம் ஒரு கேள்வி கேட்டேன். "டாக்டர் சீட்டுக்காக மன்னிப்புக் கேட்கப் போறியா, பல்லுக்காகக் கேட்கப் போறியா?" அவன் ரொம்ப நேரம் பேசவில்லை. "தெரியல பாஸ்டர். ரெண்டும் கலந்துதான் இருக்கு," என்றான். பொய் சொல்லாமல் சொன்னானே என்று தேவனைத் துதித்தேன். மூன்று வருஷமாக அந்த மனுஷன் எந்தப் பக்கத்தால் மெல்லுகிறார் என்று நம்மில் ஒருவரும் விசாரித்ததில்லை. சகேயு வாயினால் மட்டும் மனந்திரும்பவில்லை, பணத்தோடு எழுந்து நின்றான் (லூக்கா 19:8). ஆகவே ராஜி ஆனாலும் ஆகாவிட்டாலும், பல் கட்டுகிற செலவு தம்பியுடையது என்று முதலில் தீர்மானித்தோம்.

மூன்று வாரம் கழித்து அவர் பார்க்கச் சம்மதித்தார். சைக்கிள் கடை வைத்திருக்கிறவர். வக்கீலின் ஜூனியர், நான், தம்பி மூன்று பேரும் போனோம். தம்பி நடுங்கிக்கொண்டு வந்தான். கொலோசெ சாலையை அன்றுதான் நான் கண்ணால் பார்த்தேன். பவுலைப்போல நானும் என் கையால் ஒரு கடிதம் எழுதிக் கொண்டுபோயிருந்தேன். பவுல் 18, 19 வசனங்களில் கடனை யார் பற்றில் எழுதச் சொல்லுகிறார் என்று பாருங்கள், கையெழுத்தும் போட்டுக் கொடுக்கிறார். கணக்கு எழுதுகிறவனுக்கு அந்த வசனத்தின் கனம் தெரியும். பல் செலவில் பாதியை என் பேரில் எழுதிக்கொள்ளுங்கள் என்று எழுதியிருந்தேன். என் மனைவிக்கு அதைப் போகிறதற்கு முந்தின நாள்தான் சொன்னேன், அது வேறே கதை.

அவர் கடிதத்தைப் பிரிக்கவில்லை. ஒரு டியூபுக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டே இருந்தார். தம்பி அழுதான். அவர் நிமிர்ந்து, "அன்னிக்கு என் பையன் பக்கத்துல நின்னு பார்த்துட்டு இருந்தான் தம்பி. அவனுக்கு ஆறு வயசு," என்று மட்டும் சொன்னார். அவர் மனைவி உள்ளேயிருந்து தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். நான் வாயைத் திறந்து, கிறிஸ்தவர்கள் மன்னிக்கவேண்டும், அது இது என்று ஒன்றும் சொல்லவில்லை. அவர் கிறிஸ்தவரும் அல்ல. 14ம் வசனம் என் வாயைக் கட்டினது. ஜூனியர் வக்கீல், "நீங்க யோசிச்சுச் சொல்லுங்கண்ணே, அவசரம் இல்லை," என்றார். வந்துவிட்டோம்.

இதை எழுதுகிற வரைக்கும் பதில் வரவில்லை. அடுத்த வாய்தா வருகிறது. அவர் முடியாது என்று சொல்லிவிட்டால் வழக்கு நடக்கும், தம்பி உண்மையைச் சொல்லித் தீர்ப்பைக் கேட்பான். அது அவனுக்கும் தெரியும். சபையாரில் ஒருவரும் அந்தக் கடைக்குப் போய் அவரைப் பார்த்து நல்ல வார்த்தை சொல்லவேண்டாம். பஞ்சர் ஒட்டக்கூட இந்த மாதம் வேறு கடைக்குப் போங்கள். அவருக்காகவும், அந்தப் பிள்ளைக்காகவும் வீட்டிலிருந்து ஜெபியுங்கள்.

தம்பி இப்போது மில் வேலை முடிந்து ராத்திரி எட்டு மணிக்கு ஜெப வீட்டில் உட்கார்ந்து படிக்கிறான். லைட்டு எரிகிறதே என்று யாரும் அணைத்துவிட்டுப் போகவேண்டாம். பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு கெமிஸ்ட்ரி, பிசிக்ஸ் புத்தகம் பழையது வைத்திருப்பவர்கள் ஞாயிறு ஆராதனைக்கு வரும்போது கொண்டுவந்து என்னிடம் கொடுங்கள். நம் சபையில் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் சொல்லிக்கொடுக்கிற இரண்டு சகோதரிகள் இருக்கிறீர்கள். வாரத்தில் ஒரு ராத்திரி, ஒரு மணி நேரம். மோல் கணக்கில்தான் முதலில் தடுமாறுகிறான்.